கல்முனையில் கொழும்புப் பாங்கு

என் நாவலைப் பதிப்பித்த கொழும்புக்காரர் என்மேல் சொல்லும் குற்றம் ஒன்றுதான். அவருடைய நேரலையை நான் கெடுத்துவிட்டேனாம். கெடுத்தேன்தான். இன்னொரு தரம் அந்த மேடையில் ஏற்றிவிட்டாலும் கெடுப்பேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள், அது பொய்யில்லை. கறியில் உப்புக் கூடினாலும் கத்துவேன், பரீட்சைத் தாளில் பேர் எழுதாத பிள்ளையையும் ஏசுவேன். அந்தக் கோபங்களுக்கெல்லாம் பிறகு வெட்கப்பட்டிருக்கிறேன். இந்தக் கோபத்துக்கு இன்னும் வெட்கம் வரவில்லை.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கிழக்குக் கரையில் சூரியன் கொழும்பை விட முந்தி உதித்து முந்தி மறைகிறது. அதனால் நோன்பு திறக்கிற நேரமும் ஏழெட்டு நிமிடம் முந்தியே வந்துவிடும். தொழுகைக்கு அழைக்கும் கொழும்புப் பாங்கு வானொலியில் கேட்கும்போது நாங்கள் ஈத்தம்பழம் தின்று, கஞ்சி குடித்து, கோப்பையைக் கழுவப் போட்டிருப்போம். ரேடியோவைக் கேட்டு நோன்பு திறக்கிறவர் இங்கே யாருமில்லை, பள்ளிவாசல் ஒலிபெருக்கிதான் எங்களுக்குக் கணக்கு. நேரம் வந்த பிறகும் திறக்காமல் இழுத்துக்கொண்டிருப்பது பக்தி ஆகாது. சுணங்காமல் திற என்பதுதான் மார்க்கம். ஓதப் போகிற சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

நான் கல்முனைக்குப் பக்கத்தில் சாய்ந்தமருதில் தமிழ் படிப்பிக்கிறவள். நாவலை எழுதத் தொடங்கியபோது அதைப் புத்தகமாக்க வேண்டும் என்ற யோசனைகூட எனக்கு இருக்கவில்லை. தெரிந்த பெண்கள் சிலருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. துணி விற்கிறவர்கள், வீட்டிலிருந்து அபாயா தைக்கிறவர்கள், என்னோடு படிப்பிக்கிறவர்கள், மருதமுனையில் கட்டிக்கொடுத்த என் பழைய கூட்டாளிகள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆண்கள் சோறு தின்று சாய்ந்த பிறகு, ஒரு அத்தியாயத்தைக் குரலில் வாசித்து அதில் போடுவேன். அவர்கள் தையல் மிஷினை மிதித்துக்கொண்டும் வெங்காயம் உரித்துக்கொண்டும் கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார்களா? அடுத்த வெள்ளி வரைக்கும் சண்டைதான். 'அவளுக்கு மாப்பிள்ள எடுக்காத டீச்சர், அந்த நாசமறுப்பான் சரியில்ல' என்று ஒருத்தி சொல்வாள். 'உனக்கு எல்லாரும் சரியில்லாதவன்தான்' என்று இன்னொருத்தி வருவாள். நான் கதையில் ஒரு கிழவியைச் சாகடித்ததற்காக என் மதினி ஒரு தரம் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. எந்த விமர்சகரும் என் எழுத்தை இவ்வளவு மதித்ததில்லை.

அந்தக் குழுவில், அக்கா முறைக்கு நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் ஒருவர் இருந்தார். எனக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி அவருடைய வீடு. ரியாதில் ஒரு வீட்டில் பல வருடம் பணிப்பெண்ணாக நின்று திரும்பி வந்தவர். நாவலின் பாதி அவருடைய வாழ்க்கை. அதை எழுதட்டுமா என்று கேட்டேன்.

'பேரப் போடாத' என்றார். 'மத்ததெல்லாம் போடு. ஒண்டையும் உடாத.'

ஏன் என்று கேட்டேன்.

'என்ட காக்காவே நம்பல்ல புள்ள. அங்க நடந்ததச் செல்லினா, நீ கூட்டிக் கதைக்காய் எண்டு செல்றார். புத்தகத்துல வந்தா நம்புவார். அச்சுல வந்தத மறுக்க ஏலாதே.'

குரலில் கேட்டது போதாதா என்றேன். 'போன்ல வாறத ஆரு நம்புற? போன்லதான் எல்லாப் பொய்யும் வருது' என்றார். ஆக, அந்தப் புத்தகம் எனக்கு எப்படியோ, ராத்தாவுக்கு அது சாட்சி. தன் கூடப்பிறந்த அண்ணன் முன்னால் வைக்கிற சாட்சி.

பதிப்பாளர் வந்தது இதற்குப் பிறகு. கொழும்பில் பேர் உள்ள பதிப்பகம், ஆளும் இனிமையாகக் கதைக்கிறவர். நாவலை வாசித்துக் கண் கலங்கிவிட்டது என்றார். நானும் சந்தோஷப்பட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். அச்சாகி முடிந்தது நோன்பு மாதத்துக்குக் கொஞ்சம் முந்தி. வெளியீட்டை நோன்பு திறக்கும் இப்தாரோடு சேர்த்துக் கல்முனையில் வைப்போம் என்று தொலைபேசியில் சொன்னார்.

'நோன்புல பின்னேரம் பொம்புளையள் அடுப்படியில நிப்பாங்க, எப்பிடி வருவாங்க?' என்று கேட்டேன்.

'சாப்பாடு நாங்க தார டீச்சர். அவங்க வந்து உக்காந்தா சரி. லைவ் போகுது, சேனல்காரன் பேசி ஈக்கிறான். ஹோல் நெறஞ்சி ஈக்கணும், அதுவும் லேடீஸ் முன்னுக்கு ஈக்கணும். பெண் வாசகர்கள் எண்டு காட்டினா அதுக்கு ஒரு மதிப்பு ஈக்கிதே.'

அந்தச் சேனலில் நோன்பு காலத்தில் தினமும் அந்தி நேர மஃரிப் பாங்கு ஒலிபரப்பாகும். பாங்குக்கு முந்தி ஒரு பானக் கம்பனியின் விளம்பரம் வரும். அந்த நேரத்தைத்தான் எங்கள் வெளியீட்டோடு கோர்த்துக் கட்டியிருந்தார்கள். நோன்பு திறப்பது எங்கள் ஊர் நேரத்துக்குத்தானே என்று கேட்டுக்கொண்டேன். 'ஓம் ஓம், எல்லாம் டைமுக்கு நடக்கும்' என்றார். சரி என்று குழுவில் எல்லாரையும் அழைத்தேன்.

வந்தார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. நோன்பு பிடித்துக்கொண்டு, பகல் முழுக்க வீட்டு வேலை பார்த்து, மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் கஞ்சி காய்ச்சிச் சமூசா பொரித்து மூடி வைத்துவிட்டு, அஸர் தொழுத கையோடு பெருநாளுக்கு உடுப்பது போல உடுத்திக்கொண்டு வந்தார்கள். மாவடிப்பள்ளியிலிருந்து ஒரு வேன் பிடித்து வந்தவர்களும் இருந்தார்கள். ராத்தா புதுச் சால்வை போட்டிருந்தார். முன்வரிசையில் நடுக் கதிரையில் அவரை நானே கொண்டுபோய் இருத்தினேன். மேடையில் அடுக்கி வைத்திருந்த புத்தகங்களைப் பார்த்து, 'அதுதானா?' என்று மெல்லக் கேட்டார். 'அதுதான்' என்றேன். கூட்டம் முடிந்ததும் முதல் பிரதி உங்களுக்குத்தான் என்றேன்.

முதல் பிரதி பிரதம அதிதிக்குப் போயிற்று, அது வழக்கம். அதிதி ஒரு மணித்தியாலம் சுணங்கி வந்ததும் வழக்கம்தான். பிறகு தலைமையுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயவுரை. பொன்னாடை ஒருவர் மாறி ஒருவருக்குப் போர்த்தினார்கள். எனக்கு வைத்திருந்த ஏற்புரை நோன்பு திறந்த பிறகு, நேரமிருந்தால், என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. மேடையில் எங்கள் முன்னால் நீள மேசை, அதில் ஈத்தம்பழத் தட்டங்கள், வெட்டிய பழங்கள், அந்தக் கம்பனியின் பானப் போத்தல்கள், எல்லாம் வடிவாக. கீழே இருந்தவர்களுக்கான சாப்பாட்டுப் பொதிகள் வெளியே வராந்தாவில் அடுக்கிக் கிடந்தன. ஏன் இன்னும் கொடுக்கவில்லை என்று பக்கத்தில் வந்த பதிப்பாளரிடம் கேட்டேன்.

'இப்ப குடுத்தா பேக் சரசர எண்டு சத்தம் போடும் டீச்சர். லைவ்ல கேக்கும். பாங்கு வந்த ஒடன குடுப்பம்.'

நோன்பாளியின் கையில் முன்கூட்டியே ஒரு பழத்தைக் கொடுத்து வைப்பதுதான் எங்கள் ஊர்ப் பழக்கம். பள்ளிவாசலில் யாரென்று தெரியாதவனுக்கும் அப்படித்தான் கொடுப்பார்கள். சரசரப்பாம்! கண்டறியாத லைவ்!

ஏசி மண்டபம், கதவெல்லாம் அடைத்திருந்தது. போன்களை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். ஒலிபெருக்கியில் பானக் கம்பனிக்காரர் தன் பானத்தின் மகத்துவத்தைப் பேசிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் கதவோரமாக இருந்த ஆண்கள் ஒவ்வொருவராக எழும்பி நழுவியதைக் கண்டேன். கதவு திறந்து மூடும் இடைவெளியில் வெளியே பாங்குச் சத்தம் ஒரு துண்டாக உள்ளே வந்து அறுந்தது. நேரம் வந்துவிட்டது.

முன்வரிசையில் ராத்தா எழும்பினார்.

'தம்பி, பாங்கு செல்லிட்டாங்க.'

அறிவிப்பாளர் உதட்டில் விரல் வைத்து, இருங்கள் என்று கையைக் காட்டினார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாவடிப்பள்ளிக்காரி ஒருத்தி கைப்பையைத் திறந்து துழாவினாள், ஒன்றுமில்லை. இப்தார் தருகிறோம் என்று சொல்லி அழைத்த இடத்துக்கு யார் பழம் கொண்டுவருவார்கள்? பதிப்பாளர் மேடையை விட்டிறங்கி, சிரித்த முகத்தோடு குனிந்து ராத்தாவிடம் போனார்.

'இன்னம் டைம் ஈக்கி உம்மா. லைவ்ல பாங்கு வரும்.'

'அது கொழும்புப் பாங்கு தம்பி. நாங்க இஞ்ச இரிக்கம்.'

நான் மேடையிலிருந்து குனிந்து, 'இங்க நேரம் முந்திங்க, நான் அண்டைக்கே கேட்டன்' என்றேன். அவர் தன் போனில் இருந்த நோன்பு நேரக் கலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. அதை அவர் முகத்தில் கண்டேன். விளங்காமல் செய்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். கொழும்பில் வளர்ந்த மனுஷன், மறந்திருக்கலாம். தன் சேனல் போடுகிற பாங்குதான் உலகத்துக்கே பாங்கு என்று நினைத்திருக்கலாம். ஆனால் விளங்கின பிறகு அவர் சொன்னது இது.

'ஏழெட்டு நிமிஷந்தானே டீச்சர். ஸ்பொன்சர்ர ஸ்லொட். கொஞ்சம் பொறுத்தா நன்மைதானே.'

நன்மையாம். மார்க்கத்தை இவர் எங்களுக்குப் படிப்பிக்கிறார். நான் திரும்பிப் பார்த்தேன். பிரதம அதிதி எங்கள் மாவட்டத்துக்காரர், அவருக்கு நேரம் நன்றாகத் தெரியும். நிகழ்ச்சி நிரலை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, பழத்தை மென்று, கொட்டையை அதற்குள்ளேயே துப்பி மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவரும் அப்படியே. மேடையில் என்னைத் தவிர எல்லார் நோன்பும் திறந்தாயிற்று. கீழே கேமரா வெளிச்சத்தில் என் வாசகர்கள் காய்ந்த உதட்டோடு இருந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் பொறுக்கவில்லை. எழும்பிப் போய்ப் பானக் கம்பனிக்காரரிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கினேன். பறித்தேன் என்று பதிப்பாளர் சொல்கிறார், அதுவும் சரிதான்.

'பாங்கு செல்லி முடிஞ்சிட்டு. எல்லாரும் நோம்பத் திறங்க. வராந்தாவுல நிக்கிற ஆக்கள், பொதிய உள்ளுக்குக் கொண்டு வாங்க. சத்தம் போட்டே கொண்டு வாங்க.'

பதிப்பாளர் ஓடி வந்தார். 'டீச்சர், லைவ் போகுது!'

'போகட்டும். நீங்க அச்சடிச்ச புத்தகத்துல ஒரு அத்தியாயம் இரிக்கி. ரியாதில ஒரு வீட்டுல விருந்தாளிகள் நோம்பு திறப்பாங்க. வேலைக்காரி தட்டத்தப் பிடிச்சிட்டு நிப்பாள். அவளும் நோம்பு. அவங்க திண்டு முடியுற வரைக்கும் அவளுக்கு ஒரு மிடறு தண்ணி இல்ல. அத வாசிச்சு அழுதனெண்டு செல்லினீங்க. பின் அட்டையிலயும் அதத்தான் போட்டிரிக்கீங்க. இப்ப நீங்க செய்யிற என்ன?'

அந்த 'என்ன' பாதிதான் கேட்டது. ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினால் நான் விடுவேனா? கையிலிருந்த புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, பிரதம அதிதியின் முன்னாலிருந்த தட்டத்தைத் தூக்கினேன். அவர் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்து இடம் விட்டார், அந்த மரியாதையை மறக்கமாட்டேன். படியால் இறங்கி ராத்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு பழத்தை எடுத்து, பிய்த்து, பாதியைப் பக்கத்துப் பெண்ணுக்குக் கொடுத்தார். தட்டம் வரிசை வரிசையாகக் கை மாறிப் போனது. பிஸ்மி சொல்லி வாயில் போட்டுவிட்டு அழுத பெண்களும் இருந்தார்கள், பசியால் அழவில்லை. மதினி என்னைப் பார்த்து, 'உனக்குப் பைத்தியம்கா' என்றாள். அவள் வாயிலும் பழம் இருந்தது.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் விளம்பரப் பாட்டு வந்து முடிந்து, கொழும்புப் பாங்கு வந்தது. பாங்கு என்றால் பாங்குதான், எங்கே இருந்து வந்தாலும். பெண்கள் சால்வையைத் தலையில் இழுத்துப் போட்டு, கதையை நிறுத்தி, பாங்கின் வரிகளுக்கு உதட்டுக்குள் பதில் சொன்னார்கள். கேமரா அவர்கள் மேலே மெல்ல நகர்ந்து போனது. பதிப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தன் நேரத்துக்குத்தான் எல்லாம் நடக்கிறது என்பது போல அவர் முகத்தில் ஒரு அமைதி. அந்தக் காணொளித் துண்டைத்தான் மறுநாள் போட்டார்கள். என் வாசகர்கள் கொழும்புப் பாங்குக்குத் தலை போர்த்தி இருக்கிறார்கள், கீழே கம்பனியின் பேர். நான் பேசியது வெட்டப்பட்டிருந்தது.

புத்தகப் பெட்டிகள் அன்று மாலையே வேனில் திரும்பி ஏறிவிட்டன. கீழே இருந்த ஒருவருக்கும் ஒரு பிரதி கொடுக்கவில்லை. நான் மேசையில் வைத்ததும் அவற்றோடு போயிற்று. மஃரிப் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் மேடை காலி, பொன்னாடை சுற்றி வந்த பொலித்தீன்தான் கிடந்தது. ராத்தா மண்டப வாசலில் பொதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். 'புத்தகம்?' என்றார்.

மூன்று நாள் கழித்துப் பதிப்பாளர் அழைத்தார். குரலில் அதே இனிமை.

'நான் ஒங்களோட கோவமில்ல டீச்சர். ஸ்பொன்சருக்குத்தான் விளக்கம் சொல்லணும். ஒரு சின்ன வீடியோ அனுப்புங்க. நேரத்துல ஒங்களுக்குத்தான் கொழப்பம் வந்துட்டு எண்டு. வந்த லேடீஸ்ஸ நல்லாப் பாத்துக்கிட்டாங்க, ஒரு கொறையும் இல்ல எண்டு ஒரு வார்த்த. பொஸ்தகம் பெருநாள் முடிஞ்ச ஒடன எல்லாக் கடைக்கும் போகும்.'

'அனுப்பாட்டி?'

'ஸ்டோர்ல ஈக்கும்.'

'அந்தப் பொம்புளையள்ட்ட நீங்க மன்னிப்புக் கேட்டீங்களா?'

அவருக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்தது. 'ஓடியன்ஸ்கிட்ட யாராவது மன்னிப்புக் கேக்கியா டீச்சர்? சும்மா வந்தாங்க, சாப்பிட்டாங்க, போனாங்க.'

போனை வைத்துவிட்டுக் குசினியில் நின்று தனியாகக் கத்தினேன். சும்மா வந்தார்களாம்! சாப்பிட்டார்களாம்! இவர் வீட்டுத் திண்டியைக் காணாமல் கிடந்தோமா நாங்கள்? நோன்புக் கஞ்சியைத் தெரு முழுக்கக் கொடுக்கிற ஊர் இது. ஒப்பந்தப்படி இந்த நாவலை வேறு யாரும் அச்சிட முடியாது, நானும் முடியாது. கிடந்து கறையான் தின்னட்டும், நான் வீடியோ அனுப்பமாட்டேன் என்று குழுவில் குரல் போட்டேன்.

எல்லாரும் கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தியும் தட்டவில்லை. மதினிதான் முதலில் வந்தாள்.

'உன்ட ரோசத்துக்கு எங்கட புத்தகத்தப் புதைக்கிறயா? நாங்க பட்டது ஏழெட்டு நிமிசம். அது போயிட்டு. ரெண்டு வார்த்த செல்லி அனுப்பிட்டு வேலையப் பாரு.'

அவளோடு சண்டை பிடித்தேன். உனக்காகத்தானே கோபப்பட்டேன் என்றேன். 'நான் கேட்டனா?' என்றாள். அடுத்த நாள் பின்னேரம் ராத்தாவே வீட்டுக்கு வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

'அனுப்பு புள்ள' என்றார். 'எனக்காக அனுப்பு. காக்காக்குச் சுகமில்ல, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையிறார். அவர் கண்ணோட இரிக்கக்குள்ள நான் அந்தப் புத்தகத்த அவர்ட கையில வெக்கோணும். உனக்கு மானம் பெருசெண்டு எனக்குத் தெரியும். என்ட மானம் அந்தப் பெட்டிக்குள்ள கிடக்கு.'

கோபமெல்லாம் என்னுடையது, இழப்பு அவருடையது. சரி என்றேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டு சுவரோரம் கதிரையில் இருந்தேன். ராத்தா என் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எதிரே நின்றார். சிவப்புப் பொத்தானை எப்படி அமத்துவது என்று காட்டிக் கொடுத்தேன்.

'அஸ்ஸலாமு அலைக்கும்' என்று தொடங்கினேன். அன்றைய நிகழ்வில் நேரம் பற்றி எனக்கு ஏற்பட்ட குழப்பத்துக்கு வருந்துகிறேன் என்றேன். ஏற்பாட்டாளர்களுக்கு நன்றி என்றேன். வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி என் குரல் தட்டையாக, பணிவாக, சிரித்துக்கொண்டு வந்தது. அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

'வந்திருந்த சகோதரிகள் அனைவரையும் நன்றாகக் கவனித்தார்கள். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை...'

போன் கீழே இறங்கியது.

'நிப்பாட்டு.'

'என்ன ராத்தா?'

'நிப்பாட்டு செல்றன்!' அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. 'மாசத்துல ஒருக்கா வீட்டுக்குப் போன் கதைக்க உடுவாள் அந்த ரியாது வீட்டுக்காரி, மடம். பக்கத்துலயே நிப்பாள். காக்காதான் எடுப்பார். எப்பிடி இரிக்காய் எண்டு கேப்பார். நல்லா இரிக்கன் காக்கா, நல்லாப் பாக்காங்க, ஒரு குறையுமில்ல எண்டு நான் செல்லுவன். இப்ப நீ செல்லினயே, இதே மாதிரி. இதே குரல்ல. சிரிச்சிக்கிட்டு.'

நான் எழும்பினேன்.

'அதக் கேட்டுத்தானே அவர் இண்டைக்கும் என்ன நம்புறாரில்ல. நீதானே நல்லா இரிக்கன் எண்டு செல்லினாய் எண்டு கேக்கார். நான் என்னத்தச் செல்ற? இப்ப நீயும் அப்பிடிச் செல்லி அந்தப் புத்தகம் வந்தா, அது மட்டும் உண்மையா?'

போனை என்னிடம் நீட்டினார். 'அழி' என்றார். அழித்தேன். எனக்குக் கண்ணால் நீர் கொட்டியது. ராத்தா அழவில்லை. மூச்சை இழுத்து விட்டு, சால்வையைச் சரியாகப் போட்டுக்கொண்டு, நான் இருந்த கதிரையில் அவர் இருந்தார்.

'அந்தாள்ட நம்பருக்குக் குரல் போடலாமா?'

'போடலாம்.'

'பிடி. நான் கதைக்கன்.'

பிடித்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், அவர் கதைத்தார்.

'தம்பி, அஸ்ஸலாமு அலைக்கும். நான் அண்டைக்கு முன்னுக்கு இருந்த பொம்புள. நேரம் வந்திட்டு எண்டு ஒங்கள்ட்டச் செல்லினவள். ஒங்கட புத்தகத்துல தட்டம் பிடிச்சிட்டு நிக்கிறவளும் நான்தான். டீச்சருக்கு ஒரு குழப்பமும் இல்ல. எங்களுக்குக் குறை இரிக்கி. ஒங்களுக்கு நேரம் தெரிஞ்சது, தெரிஞ்சும் எங்கள வெச்சிரிந்தீங்க. அந்த வீட்டு மடமும் அப்பிடித்தான். புத்தகத்த நீங்களே வெச்சிருங்க. என்ட காக்காட்ட நானே போய்ச் செல்லிக்கிறன், நம்பினா நம்பட்டும். இனி எங்கட ஊருக்குக் கதிர நிரப்ப ஆள் தேடி வராதீங்க.'

விரலை எடுக்கச் சொல்லித் தலையசைத்தார். எடுத்தேன்.

'போயிட்டா?'

'போயிட்டு ராத்தா.'

'அவன் கேட்டாத் தெரியுமா?'

கேட்டால் நீல நிறம் வரும் என்றேன். போனை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அஸர் பாங்கு கேட்டது, அவர் தொழ எழும்பவில்லை. நீலம் வரும் வரைக்கும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வந்ததும் என்னிடம் தந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, தன் காக்கா வீட்டுப் பக்கமாக நடந்து போனார்.